நடுக்கடலில் டீசல் எவ்வளவு மிச்சம்? தூத்துக்குடி தோணிகளின் குச்சிக் கணக்கு!

தூத்துக்குடி என்றதும் மக்ரூன், பொரிச்ச பரோட்டா, உப்பளம், முத்து, வ.உ.சி. என்று ஒரு பட்டியல் மனதில் ஓடும். அந்தப் பட்டியலில் பலரும் மறந்துவிடும் ஒன்று தோணி. மீன்பிடிப் படகு அல்ல, சரக்குத் தோணி. 250 டன், 300 டன் என்று பாரம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய் வரும் மரக்கலம்.

வெங்காயம், காய்கறி, அரிசி, சிமென்ட், செங்கல், ஜல்லி என்று தீவுகளில் கிடைக்காத எல்லாம் இதில் ஏறும். ஒரு காலத்தில் கொழும்புக்குப் போவதுதான் பெரிய தொழில். பாயை மட்டுமே நம்பி ஓடிய அந்தக் காலத்துத் தோணி வாழ்க்கையை, ஜோ டி குரூஸ் தன் 'கொற்கை' நாவலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நாவலுக்கு 2013-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

பின்னாளில் தோணிக்கு இன்ஜின் வந்தது. ஆனாலும் பாய்மரம் போகவில்லை. அரசு ஆவணங்களில் இன்றும் இதற்குப் பெயர் 'இயந்திரம் பொருத்திய பாய்மரக் கலம்'. காற்று, டீசல் இரண்டையும் நம்பி ஓடுகிற வாகனம். இதில் காற்று கணக்குக்குள் அடங்காது. டீசல் அடங்கித்தான் ஆக வேண்டும். நடுக்கடலில் பெட்ரோல் பங்க் கிடையாது!

அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் தூத்துக்குடிக்குப் போனோம்.

முள் காட்டும், குச்சி சொல்லும்

பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ஒரு டீக்கடை பெஞ்சில் நமக்குப் பாடம் எடுத்தவர் முப்பது ஆண்டுகள் தோணியில் இன்ஜின் டிரைவராக ஓடியவர். தோணியில் கேப்டனுக்குப் பெயர் தண்டல். இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர் டிரைவர். "என் பேரு எதுக்கு தம்பி? கணக்கைப் போடு, அது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"பைக்ல இருக்கிற மாதிரி முள் இருக்காதா அண்ணாச்சி?" என்றோம்.

"இருக்கும். கரையில நிக்கும்போது நல்லாத்தான் காட்டும். கடல்ல தோணி ஆடுதப்ப டாங்க்குக்குள்ள எண்ணெயும் ஆடும். மிதவை மேல போகும், கீழ வரும். ஒரு நிமிசம் பாதிங்கும், மறு நிமிசம் முக்காலுங்கும். நீ எதை நம்புவ?"

அதனால்தான் குச்சி. டாங்க்கின் மேல்பக்கம் ஒரு குழாய் இருக்கும். அதைத் திறந்து, அடி தட்டும் வரை குச்சியை இறக்கி, வெளியே எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. ஈரக்கோடு சரியாகத் தெரியாவிட்டால் குச்சியில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளலாம், பளிச்சென்று தெரியும். கேஸ் சிலிண்டர் மேல் ஈரத்துணியைப் போட்டுத் துடைத்து, எந்த இடம் வரை ஈரம் காயாமல் இருக்கிறது என்று வீட்டில் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதே புத்திதான்.

ஆனால், குச்சி காட்டுவது சென்டிமீட்டர். நமக்கு வேண்டியது லிட்டர். அங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

டாங்க் நேரான பெட்டி வடிவில் இருந்தால் எளிது. உதாரணமாக 120 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம், 100 செ.மீ. உயரமுள்ள ஒரு டாங்க். முழுக் கொள்ளளவு 960 லிட்டர். குச்சியில் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 9.6 லிட்டர். பள்ளிக்கூடத்துக் கணக்குதான்.

எல்லா டாங்க்கும் பெட்டியாக இருப்பதில்லை. வெளிநாட்டுப் பயணிகள் உலகம் சுற்றும் சிறிய பாய்மரப் படகுகளில், இடத்தை மிச்சப்படுத்த படகின் அடிப்பாகம் போலவே டாங்க்கையும் கீழே குறுகலாக, 'வி' வடிவில் செய்வது உண்டு. அதில் குச்சி பாதி உயரம் வரை நனைந்தால் பாதி டாங்க் இருக்கிறது என்று நினைத்தால் தீர்ந்தது கதை. அடி கூராக முடியும் டாங்க்கில் பாதி உயரம் என்றால் உள்ளே இருப்பது கால் டாங்க்தான். மேல்பாதியிலேயே முக்கால் பங்கு தீர்ந்திருக்கும். அதன் பிறகு 'இப்போதுதானே பாதி இருந்தது' என்று திகைப்பதில் பயனில்லை.

இதற்கு ஒரே வழி, காலி டாங்க்கில் 20 லிட்டர் கேன் கேனாக ஊற்றி, ஒவ்வொரு கேனுக்கும் குச்சியில் ஒரு வெட்டு போட்டுக்கொள்வது. எந்தக் கோணல் டாங்க்குக்கும் இது பொருந்தும். அப்படித் தயாரான குச்சி அந்த டாங்க்குக்கு மட்டுமே சொந்தம். பக்கத்துத் தோணிக் குச்சியைக் கடன் வாங்கி அளக்க முடியாது.

"ஒரு தடவை பொறுமையா உக்காந்து வெட்டுப் போட்டுட்டா, தோணி இருக்கிறவரைக்கும் அந்தக் குச்சி பொய் சொல்லாது" என்றார் அண்ணாச்சி.

சாய்ந்தால் நூறு லிட்டர் பொய்

குச்சி பொய் சொல்லாது. ஆனால், தோணி சாய்ந்திருந்தால்?

மேலே சொன்ன அதே 120 செ.மீ. டாங்க்கையே எடுத்துக்கொள்வோம். பாயில் காற்று பிடித்துத் தோணி 10 டிகிரி சாய்கிறது. டாங்க்கின் ஒரு ஓரத்தில் எண்ணெய் மட்டம் நடுவில் இருப்பதைவிடச் சுமார் 10 செ.மீ. ஏறும், மறு ஓரத்தில் அதே அளவு இறங்கும். குழாய் ஓரத்தில் இருந்தால் இல்லாத 100 லிட்டர் இருப்பதாகக் குச்சி காட்டும். அல்லது இருக்கிற 100 லிட்டரை மறைத்துவிடும். அதனால்தான் அளக்கும் குழாயை டாங்க்கின் நடுவில் வைப்பது நல்லது. நடுவில் மட்டம் பெரிதாக மாறாது.

பாரம் ஏற்றிய தோணியும் காலித் தோணியும் தண்ணீரில் ஒரே மாதிரி உட்காராது. பாரம் பின்பக்கம் கூடினால் டாங்க்கும் பின்பக்கம் சாயும். அதனால் போகும்போது எடுத்த அளவையும் வரும்போது எடுத்த அளவையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக் கூடாது. ஆட்டம் அதிகமான நேரத்தில் ஒரு முறை விட்டு நாலைந்து முறை குச்சியை இறக்கி, சராசரி பார்ப்பதுதான் வழக்கம். எண்ணெய் அலையடிப்பதைக் குறைக்க டாங்க்குக்குள்ளேயே தடுப்புத் தகடுகளும் வைப்பார்கள்.

இன்னொரு விஷயம். டாங்க்கில் இருக்கிற எல்லா டீசலும் நமக்குச் சொந்தமில்லை! இன்ஜினுக்குப் போகும் உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல், கொஞ்சம் மேலே நிற்கும். அடியில் தேங்கும் தண்ணீரும் கசடும் இன்ஜினுக்குப் போகக் கூடாது என்பதற்காக. 5 செ.மீ. மேலே நின்றால் நம் உதாரண டாங்க்கில் 48 லிட்டர் வெறும் காட்சிப்பொருள். கணக்கில் முதலில் கழிக்க வேண்டியது இதைத்தான்.

மாலேவுக்கு எத்தனை லிட்டர்?

தூத்துக்குடியிலிருந்து மாலே நேர்க்கோட்டில் சுமார் 390 கடல் மைல். நம் கிலோமீட்டரில் 720. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமம்.

இன்ஜின் மணிக்கு 20 லிட்டர் குடிக்கிறது, தோணி மணிக்கு 5 கடல் மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 78 மணி நேரம், 1,560 லிட்டர். இது தாளில் போட்ட கணக்கு. இதில் கடல் இன்னும் வாய் திறக்கவில்லை.

கடலோட்டத்தை இந்தக் கரையில் 'நீவாடு' என்கிறார்கள். எதிர் நீவாடு மணிக்கு ஒரு மைல் வந்தாலே தோணியின் நிஜ வேகம் 4 மைலாகிவிடும். பயணம் 97 மணி நேரத்தைத் தாண்டும். டீசல் 1,950 லிட்டர். கூடுதலாக 390 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பேரல்! அதே நீவாடு பின்னாலிருந்து தள்ளினால் 65 மணி நேரம், 1,300 லிட்டரோடு முடியும். இன்ஜினும் அதேதான், தோணியும் அதேதான். நீவாட்டின் திசை மட்டும் மாறினால் 650 லிட்டர் வித்தியாசம்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். இலங்கைக்குத் தெற்கே கடலோட்டமும் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். தூத்துக்குடிக்குத் தென்மேற்கே இருக்கிறது மாலே. ஆகவே போகும்போது காற்று முதுகில். பாயை விரித்தால் டீசல் மிச்சம். திரும்பும்போது அதே காற்று முகத்தில். பாரம் இறக்கிய காலித் தோணி தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால், காற்று இன்னும் பலமாகப் பிடித்துத் தள்ளும்.

"போகும்போது மிச்சம் பிடிச்சோம்னு சந்தோசப்படக் கூடாது தம்பி. அது வரும்போது கட்ட வேண்டிய கடன்" என்றார்.

வெளிநாட்டுப் பாய்மரப் படகோட்டிகளிடம் 'மூன்றில் ஒரு பங்கு' என்று ஒரு விதி உண்டு. இருக்கிற எரிபொருளில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைத்துக்கொள்ள. தோணியில் அப்படி அள்ளிக்கொண்டு போக முடியாது. டீசல் லிட்டருக்குச் சுமார் 830 கிராம் எடை. எண்ணெயின் எடை கூடக் கூட ஏற்றும் பாரம் குறையும், வாடகையும் குறையும். முதலாளிக்கும் தண்டலுக்கும் டிரைவருக்கும் இடையே ஒவ்வொரு நடையிலும் நடக்கும் பேச்சுவார்த்தை இதுதான். எவ்வளவு எண்ணெய் போதும்? எவ்வளவு பயம் போதும்?

குச்சிக்கு ஒரு சாட்சி வேண்டும்

ஒரே ஒரு அளவை மட்டும் நம்புவதில்லை. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். டாங்க்கை ஒரு அளவுவரை நிரப்பி, பத்து மணி நேரம் ஓட்டி, மறுபடி அதே அளவுவரை நிரப்பினால், ஊற்றியதைப் பத்தால் வகுத்தால் போதும். அதுதான் அந்த இன்ஜினின் உண்மையான பசி. கம்பெனி புத்தகத்தில் இருப்பது வேறாக இருக்கலாம்.

பிறகு தினமும் இரண்டு கணக்கு. ஓடிய மணி நேரத்தை வைத்து இவ்வளவு தீர்ந்திருக்க வேண்டும் என்று ஒன்று. குச்சி சொல்வது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்கலாம். குச்சியில் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. குச்சியில் குறையவே இல்லை என்றால் அது அதைவிட ஆபத்து. டாங்க்குக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

இரண்டு டாங்க் உள்ள கலங்களில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். டீசல் இன்ஜின் தனக்கு வேண்டியதைவிட அதிகமாக இழுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இடது டாங்க்கிலிருந்து இழுத்து, மிச்சத்தை வலது டாங்க்கில் விட்டால், இடது வேகமாகக் காலியாகும், வலது தானாக நிரம்பும். தெரியாதவர் பார்த்தால் பேய் வேலை என்பார். எங்கிருந்து எடுக்கிறோமோ அங்கேயே திரும்பும்படி வால்வைத் திருப்பிவைத்தால் பேய் ஓடிவிடும்.

அடியில் இருக்கும் எதிரி

அளவு சரியாக இருந்தாலும் சரக்கு சரியாக இருக்க வேண்டுமே! பாதி காலியான டாங்க்கில் மேலே இருக்கும் காற்றின் ஈரம், இரவு குளிர்ச்சியில் வேர்த்துச் சொட்டும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் அடியில் போய்ச் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழவழவென்று கறுப்புக் கசடாகும். பெட்ரோல் பங்க்குகளில் அளவுகோலின் நுனியில் ஒரு பேஸ்ட் தடவி இறக்குவார்கள், தண்ணீர் பட்டால் நிறம் மாறும். அதே பேஸ்ட் இங்கும் உதவும். ஃபில்டரின் அடியில் இருக்கும் குமிழைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவது அன்றாட வேலை.

கரையில் நிற்கும்வரை இந்தக் கசடு அடியில் அமைதியாகக் கிடக்கும். கடல் புரட்டிப்போட ஆரம்பித்ததும் கலங்கி மேலே வரும். அதாவது, இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து ஃபில்டரை அடைக்கும்.

நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்

அப்படி ஒரு ஜனவரி மாதத்து ராத்திரியைப் பற்றி அண்ணாச்சி சொன்னார்.

மாலேயில் பாரம் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வாடை நேர் முகத்தில். தூத்துக்குடிக்கு இன்னும் 90 மைல். இன்ஜின் இருமி, திணறி, நின்றுபோனது. ஃபில்டர் முழுக்கக் கறுப்பு. தண்டல் உடனே பாயை ஏற்றச் சொன்னார். இன்ஜின் இல்லாமல் அலைக்குப் பக்கவாட்டில் கிடந்தால் தோணி உருளும். பாயில் கொஞ்சம் காற்று பிடித்ததும் தோணி நிலைக்கு வந்தது.

கீழே இவர் ஃபில்டரை மாற்றினார். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டதால், அதை வெளியேற்றாமல் இன்ஜின் எடுக்காது. ஊரில் பம்ப்செட்டுக்கு 'ஏர் எடுப்பது' போலத்தான். ஆனால் இங்கே தரை ஆடும், டார்ச் வெளிச்சம் ஆடும், வயிறும் ஆடும். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை விடாமல் அடித்திருக்கிறார். கலங்கிய டாங்க்கை மூடிவிட்டு, இரண்டாவது டாங்க்குக்கு மாற்றினார். இன்ஜின் ஓடியது.

இப்போது கேள்வி, இரண்டாவது டாங்க்கில் எவ்வளவு இருக்கிறது? குச்சியை ஐந்து முறை இறக்கினார். சராசரி 42 செ.மீ. சுமார் 400 லிட்டர். எடுக்க முடியாததைக் கழித்தால் 350. மணிக்கு 20 லிட்டர் என்றால் பதினேழரை மணி நேரம். அந்த எதிர்க்காற்றில் தோணி ஓடியது மணிக்கு மூன்று மைல்தான். ஆக, போகக்கூடிய தூரம் 50 மைல் சொச்சம். வீடு 90 மைல்.

"வேகத்தைக் குறைச்சா டீசல் மிச்சமாகாதா அண்ணாச்சி?"

"அமைதியான கடல்ல ஆகும். ஆறு மைல்ல ஓடுததை அஞ்சாக்கினா, மைலுக்கு ஆகுத எண்ணெய்ல மூணுல ஒரு பங்குகூட மிச்சம் பாத்துடலாம். எதிர்க்காத்துல, எதிர் நீவாட்டுல ரொம்பக் குறைச்சா நின்ன இடத்துலயே நிப்ப. எண்ணெய் மட்டும் எரியும்."

தண்டல் ஒன்றும் பேசவில்லையாம். சார்ட்டைப் பார்த்தார். வடக்கே சுமார் 40 மைலில் விழிஞ்சம். வடக்கே திரும்பினால் வடகிழக்குக் காற்று நேர் முகத்தில் அடிக்காமல் வலது பக்கத்துக்கு வரும், பாயும் கொஞ்சம் இழுக்கும். கரையை நெருங்க நெருங்க நிலம் காற்றையும் அலையையும் தடுக்கும். மணிக்கு நான்கு மைல் கிடைத்தால் பத்து மணி நேரம், 200 லிட்டர். கையில் 150 மிச்சம் இருக்கும்.

பயணத் திட்டத்தில் இல்லாத துறைமுகம் என்றால் கேள்வி வரும், காகிதம் வரும், செலவு வரும், முதலாளியின் கோபமும் வரும். தண்டல் சுக்கானை வடக்கே திருப்பச் சொன்னார். மறுநாள் மதியம் விழிஞ்சத்தின் விளக்குக்கோபுரம் தெரிந்தது. நங்கூரம் போட்ட பிறகு இவர் மறுபடி குச்சியை இறக்கிப் பார்த்தார். கணக்கு போட்டதைவிட ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு.

"முதலாளி திட்டினாரா அண்ணாச்சி?"

"திட்டினாரு. திட்டு வாங்க எட்டுப் பேரும் கரையில இருந்தோம்லா" என்று சிரித்தார்.

எப்போது போனால் பார்க்கலாம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்றுக் காலம். தோணிகள் வெளிக்கடலுக்குப் போகாமல் கரையில் ஓய்வெடுக்கும். மரத்தைச் செப்பனிடுவது, பாயைத் தைப்பது, டாங்க்கைத் திறந்து கசடைக் கழுவுவது எல்லாம் அப்போதுதான். டாங்க்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன் நன்றாகக் காற்றோட்டம் விட வேண்டும் என்பதில் அண்ணாச்சி மிகவும் கறாராக இருந்தார். உள்ளே தேங்கிய ஆவி ஆளையே சாய்த்துவிடும் என்றார்.

அதே நாட்களில்தான் பனிமய மாதா பேராலயத் திருவிழாவும். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் நிறைவடையும். கடலில் இருக்கும் ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம் என்பதால், ஊர் இரண்டு மடங்கு களை கட்டும். திருவிழாவுக்குப் போகிறவர்கள் அப்படியே கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்தால், வரிசையாக நிற்கும் பாய்மரங்களைப் பார்க்கலாம். துறைமுகத்துக்குள் போக முன் அனுமதி தேவை. தோணிகள் பாரம் ஏற்றிப் புறப்படுவதைப் பார்க்க வேண்டுமென்றால், செப்டம்பருக்குப் பிறகு போக வேண்டும்.

கப்பல்களும் கன்டெய்னர்களும் பெருகிவிட்ட காலத்தில் தோணித் தொழில் முன்பு போல இல்லை. கொழும்பு நடை போனது, புதிய பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதும் குறைந்துவிட்டது என்கிறார்கள் துறைமுகத் தெருவில். அண்ணாச்சியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

கிளம்பும்போது, அந்தக் குச்சி இப்போது எங்கே என்று கேட்டோம்.

"அது தோணியோட குச்சி தம்பி, தோணியிலதான் இருக்கு. எனக்கப்புறம் வந்த பையன்கிட்ட குடுத்துட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை லிட்டர்னு நோட்டுல எழுதிக் குடுத்துட்டு வந்தேன். போன மாசம் போன் போட்டான். 'மாமா, குச்சி கரெக்டா சொல்லுது'ன்னான்."